கள்வனுக்கு ஒரு பெட்டி, நெருப்புக்கு ஒரு பெட்டி

தேடிய பொருளைக் காப்பது, தேடுவதைக் காட்டிலும் அரிய செயல் என்று பெரியோர் சொல்வதுண்டு. ஓட்டு வீடாயினும் மாடி வீடாயினும், கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டிய சில பொருள்கள் எல்லா வீடுகளிலும் உண்டு. அம்மாவின் தாலிச் சங்கிலி, பாட்டி கொடுத்த காப்பு, நிலத்தின் பத்திரம், வங்கியில் போட்ட பணத்தின் ரசீது, அக்காளின் மதிப்பெண் சான்றிதழ், தாத்தாவும் பாட்டியும் திருமண நாளன்று எடுத்துக்கொண்ட ஒரே ஒரு புகைப்படம். இவற்றுள் சில விலை மிக்கவை. சில, எவ்வளவு விலை கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதவை.

இப்பொருள்களுக்குப் பகைவர் இருவர். ஒருவன் கள்வன், மற்றொன்று நெருப்பு. கள்வன் நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, காகிதங்களைத் தரையில் வீசிவிட்டுப் போவான். நெருப்போ நகையை விட்டாலும் விட்டுவிடும், காகிதத்தை ஒருபோதும் விடாது. நல்ல இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் இவ்விருவருக்குமே அஞ்ச வேண்டியதில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியானதா? கள்வனைத் தடுக்கும் பெட்டி நெருப்பையும் தடுக்குமா? நெருப்பைத் தடுக்கும் பெட்டி கள்வனுக்கு ஈடு கொடுக்குமா? இவற்றை மாணவியரும் பெற்றோரும் அறிந்திருப்பது பயனுள்ளது.

முன்னோர் கையாண்ட வழிகள்

வங்கிகள் இல்லாத காலத்தில் நம் முன்னோர் பொன்னையும் காசையும் பானையிலிட்டு, வீட்டுக்குள்ளேயே மண்ணில் புதைத்து வைத்தார்கள். நெற்குதிரின் அடியில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. வசதி படைத்தோர் தேக்கு மரப் பெட்டகம் செய்து, பித்தளைப் பட்டை அடித்து, கனமான பூட்டுப் போட்டார்கள். வணிகர்கள் கல்லாப்பெட்டிக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பூட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது திண்டுக்கல். மாங்காய் வடிவில் அமைந்த திண்டுக்கல் பூட்டை அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வழிகளை இன்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மரப்பெட்டகம் கள்வனைச் சற்று நேரம் தடுத்தது. ஆனால் நெருப்புக்கு அதுவே விறகாயிற்று. மண்ணில் புதைத்த பானையோ இரண்டு பகைவரிடமிருந்தும் பொருளைக் காத்தது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே அதற்குக் காரணம். ஆயினும் அதிலும் ஒரு குறை இருந்தது. புதைத்தவர் யாரிடமும் சொல்லாமல் திடீரெனக் கண்ணை மூடிவிட்டால், புதைத்த பொருளும் அவரோடு போயிற்று.

பீரோ பெட்டகம் ஆகுமா?

இன்று பெரும்பாலான வீடுகளில் நகையும் பத்திரமும் இருக்கும் இடம் இரும்பு பீரோ. நம் நாட்டில் பூட்டும் பெட்டகமும் செய்த முன்னோடிகளுள் ஒருவர் அர்தேஷிர் கோத்ரெஜ். இவர் 1897ஆம் ஆண்டில் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். 1902இல் இரும்புப் பெட்டகங்களும், 1923இல் இரும்பு அலமாரிகளும் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. பெட்டகம் வேறு, அலமாரி வேறு என்பதை அன்றே பிரித்து வைத்திருந்தனர். அந்த அலமாரியைத்தான் நாம் பீரோ என்கிறோம். நாளடைவில் பீரோவையே பெட்டகம் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம்.

பீரோவின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அதனுள்ளே இருக்கும் 'லாக்கர்' என்ற சிறு அறையும் அதே தகட்டால் ஆனதுதான். கடப்பாரை ஒன்று இருந்தால் கதவை நெம்பிவிட அதிக நேரம் தேவைப்படாது. நெருப்பின்போதோ நிலைமை இன்னும் மோசம். இரும்பு தீப்பிடித்து எரியாது என்பது உண்மை. ஆனால் அது வெப்பத்தை நன்கு கடத்தும். தோசைக்கல்லின் கீழே எரியும் நெருப்பு மேலே ஊற்றிய மாவை வேகவைப்பது அதனால்தான். பீரோவைச் சுற்றி நெருப்பு எரியும்போது, உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையும் பத்திரமும் தோசைக்கல்லின் மேல் இருப்பதற்கு ஒப்பாகும். நெருப்பு உள்ளே நுழைய வேண்டியதே இல்லை. வெப்பம் நுழைந்தாலே போதும்.

ஆகவே பீரோ துணிமணிகளுக்கு நல்ல இடம். தூசியையும் எலியையும் கரையானையும் அது தடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

திறக்க முடியாத பூட்டு உண்டா?

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்னும் பூட்டுத் தொழிலாளர் 1784இல் ஒரு புதிய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அப்பூட்டை லண்டனில் தம் கடையின் சன்னலில் வைத்து, சாவியின்றி இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாராலும் திறக்க இயலவில்லை. 1818இல் ஜெரமையா சப் என்பவர் மற்றொரு பூட்டைச் செய்தார். யாரேனும் கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் அது தானாகவே இறுகிக்கொள்ளும். உரியவர் வந்து தம் சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

1851ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து அங்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர், சப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பின்னர் பிராமா பூட்டின் முன் அமர்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பாடுபட்டு அதையும் திறந்துவிட்டார். பரிசு அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்து மக்கள் திகைத்துப் போனார்கள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை. எவ்வளவு நேரத்தில் திறக்கலாம் என்பதே கேள்வி. ஹாப்ஸுக்கு 51 மணி நேரம் கிடைத்தது. இரவில் வீட்டுக்குள் புகுந்த கள்வனுக்கு அவ்வளவு நேரம் ஏது? நாய் குரைக்கும், அண்டை வீட்டார் விழித்துக்கொள்வார்கள், விடிந்துவிடும். பெட்டகத்தின் வேலை, அந்தச் சிறு நேரத்துக்குள் காரியம் முடியாதபடி செய்வதுதான்.

பெட்டகங்களைச் சோதிக்கும் நிறுவனங்களும் இவ்வாறுதான் கணக்கிடுகின்றன. அமெரிக்காவில் 1894இல் தோன்றிய 'அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்' என்னும் சோதனை நிறுவனம், 'டி.எல். 15', 'டி.எல். 30' என்று பெட்டகங்களுக்குத் தரம் வழங்குகிறது. கருவிகளோடு வரும் தேர்ந்த ஆட்கள் முழுமூச்சாகத் தாக்கினாலும் 15 நிமிடமோ 30 நிமிடமோ கதவு தாங்கும் என்பது அதன் பொருள். வீடுகளுக்கென விற்கும் சாதாரணப் பெட்டிகளுக்கு வைக்கும் சோதனையோ வெறும் 5 நிமிடம். நம் நாட்டில் பெட்டகங்களுக்கான இந்தியத் தரநிர்ணய எண் 550 ஆகும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறிய பெட்டகத்தைக் கள்வன் திறக்க முயலவே மாட்டான். அப்படியே தூக்கிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே வைத்து நிதானமாக உடைப்பான். அப்போது அவனுக்கு ஹாப்ஸைப் போல் 51 மணி நேரமும் கிடைத்துவிடும்! ஆதலால் இருவர் தூக்கக்கூடிய எந்தப் பெட்டகத்தையும் காங்கிரீட் தரையிலோ சுவரிலோ போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட வேண்டும். நல்ல பெட்டகங்களின் அடியில் இதற்கென்றே துளைகள் இருக்கும். போல்ட்டு இல்லாத சிறு பெட்டகம், கள்வனுக்கு நாமே மூட்டை கட்டிக் கொடுத்ததற்குச் சமம்.

சாக்பீஸும் நெருப்பும்

இனி நெருப்புக்கு வருவோம். அறிவியல் வகுப்பில் ஒரு சோதனை செய்வதுண்டு. மெல்லிய காகிதக் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, ஆசிரியையின் மேற்பார்வையில் சுடரின் மேல் பிடிக்கிறோம். தண்ணீர் கொதிக்கிறது, காகிதமோ எரிவதில்லை. ஏன்? தண்ணீர் உள்ளவரை காகிதத்தின் வெப்பம் 100 டிகிரியை விட்டு மேலே அதிகம் ஏறுவதில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அவ்வளவு வெப்பத்தையும் தண்ணீரே வாங்கிக்கொள்வதால் காகிதம் தப்புகிறது.

நெருப்பைத் தாங்கும் பெட்டகத்தின் இரகசியமும் இதுவே. அதன் சுவரில் வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கனமான ஒரு பூச்சு. அந்தப் பூச்சுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது! இம்முறை புதியதன்று. 1840இல் இங்கிலாந்தில் மில்னர் என்பவர் பெட்டிச் சுவருக்குள் சூட்டில் ஈரத்தை வெளிவிடும் பொருள்களை அடைத்துக் காப்புரிமை பெற்றார். 1843இல் அமெரிக்காவில் டேனியல் பிட்ஸ்ஜெரால்டு என்பவர் பாரிஸ் சாந்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

பாரிஸ் சாந்து நமக்கு அந்நியமானதன்று. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் அதனால் செய்யப்படுவதே. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதும், சிலைகளை வார்ப்பதும் அதனாலேயே. அது ஜிப்சம் என்னும் கனிமத்திலிருந்து கிடைக்கிறது; தண்ணீர் விட்டுக் குழைத்தால் மீண்டும் ஜிப்சமாக இறுகிவிடும். ஜிப்சத்தின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கையில் எடுத்தால் உலர்ந்துதான் இருக்கும். ஆனால் தண்ணீர் அதன் படிகத்துக்குள் பிணைந்து கிடக்கிறது. நன்கு சூடேறும்போது அத்தண்ணீர் விடுபட்டு ஆவியாகிறது. ஆவியாகும் வரை உட்சுவர் அளவுக்கு மேல் சூடேறாமல் காக்கிறது. இன்று காங்கிரீட்டும் வேறு கலவைகளும் பயன்பட்டாலும் தத்துவம் ஒன்றே.

காகிதம் சுமார் 177 டிகிரி செல்சியசுக்கு மேல் கருகத் தொடங்கும் என்று கொண்டு சோதனை வைக்கிறார்கள். ஒரு மணி நேரத் தரமுள்ள பெட்டகத்தை உலைக்குள் வைத்து, வெப்பத்தைச் சுமார் 927 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். அப்போதும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டலாகாது. பின்னர், சூடேற்றிய பெட்டகத்தைச் சுமார் 9 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டும் பார்ப்பதுண்டு. தீப்பிடித்த வீட்டில் மாடி இடிந்து விழுந்தால் பெட்டகமும் விழும் அல்லவா?

இங்கும் நாம் காண்பது என்ன? சுவரில் உள்ள தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான் பாதுகாப்பு. கள்வனிடமிருந்து சில நிமிடங்கள். நெருப்பிடமிருந்து அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி. பெட்டகம் நமக்கு நேரத்தையே வாங்கித் தருகிறது. அந்நேரத்துக்குள் காவலரும் தீயணைப்புப் படையினரும் வந்து சேர வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் நடந்தது

நெருப்பு அடங்கிய பின்னும் ஆபத்து உண்டு என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. 1906 ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் பெரும் நிலநடுக்கத்தால் குலுங்கியது. அதைத் தொடர்ந்து எழுந்த நெருப்பு பல நாட்கள் நகரை எரித்தது.

அந்நகரில் 'பாங்க் ஆஃப் இத்தாலி' என்னும் சிறிய வங்கியை நடத்தி வந்தவர் ஏ. பி. ஜியானினி. இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தில் பிறந்தவர். நிலநடுக்கத்தின்போது நகருக்கு வெளியே தம் இல்லத்தில் இருந்த அவர், விரைந்து வங்கிக்கு வந்தார். நெருப்பு நெருங்கிக் கொண்டிருந்தது. அவர் வங்கியிலிருந்த பொன்னையும் வெள்ளியையும் காய்கனி வண்டிகளில் ஏற்றி, மேலே ஆரஞ்சுப் பழப்பெட்டிகளை அடுக்கி மறைத்து, வழிப்பறிக்காரர் கண்ணில் படாமல் இரவோடு இரவாகத் தம் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தார். அன்று அவர் எடுத்துச் சென்றது ஏறத்தாழ 80,000 டாலர் என்பர்.

மற்றப் பெரிய வங்கிகளின் பணம் உறுதியான பெட்டக அறைகளுக்குள் இருந்தது. நெருப்பு அடங்கியது, பெட்டக அறைகளும் நின்றன. ஆனால் அவற்றைத் திறக்க முடியவில்லை. உள்ளே அவ்வளவு வெப்பம். சூடு ஆறுமுன் கதவைத் திறந்தால், வெளிக்காற்றுப் பட்டவுடன் உள்ளே இருக்கும் நோட்டுகளும் ஆவணங்களும் குப்பென்று தீப்பற்றிவிடும். ஆகவே அவை ஆறும் வரை அவர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் ஜியானினி, துறைமுகத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு, வீடிழந்த மக்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய சிறிய வங்கிதான் பின்னர் 'பாங்க் ஆஃப் அமெரிக்கா' என்னும் பெரிய வங்கியாக வளர்ந்தது.

ஆதலால் தீப்பிடித்த வீட்டில் பெட்டகம் நின்றிருந்தாலும், உடனே ஓடிப்போய்த் திறக்கலாகாது. வெளியே தொட்டால் குளிர்ந்திருப்பதுபோல் தோன்றும், உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். முழுதும் ஆறவிட்டு, தீயணைப்புப் படையினரின் அறிவுரைப்படியே திறக்க வேண்டும்.

ஒன்று மற்றொன்றாகாது

கள்வனுக்காகச் செய்த பெட்டகத்தின் சுவர் கனமான இரும்புத் தகடு. அது வெப்பத்தை உள்ளே விடும். நெருப்புக்காகச் செய்த சிறு பெட்டியின் சுவர் மெல்லிய தகடும் தடித்த சாந்துமாகும். அது வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் கடப்பாரைக்கும் சுத்தியலுக்கும் ஈடு கொடாது. கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எடை அதிகமாக இருப்பதால் உறுதியானது என்று நாம் ஏமாறுவோம். அந்த எடை இரும்பின் எடையா, சாந்தின் எடையா என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டு தரமும் பெற்ற பெட்டகங்கள் கிடைக்கின்றன. ஆனால் விலை அதிகம். அதற்கு வசதி இல்லாதவர்கள், தரையில் போல்ட்டுப் போட்ட கள்வர்தடுப்புப் பெட்டகத்துக்குள், காகிதங்களுக்கென ஒரு சிறிய தீத்தடுப்புப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் பெட்டி. செலவும் குறையும், காரியமும் கைகூடும்.

எதை எவ்வாறு வைப்பது?

பொன் 1064 டிகிரியில்தான் உருகும். உருகினாலும் அது பொன்னே. ஆனால் முத்தும் பவளமும் வெப்பத்தில் கெட்டுவிடும். நகைக்குள் அரக்கு அடைத்திருந்தால் அது சிறு சூட்டிலேயே இளகிவிடும்.

தீத்தடுப்புப் பெட்டியின் சுவரில் ஈரம் இருப்பதால், நாளடைவில் உள்ளே லேசான ஈரப்பதம் சேரக்கூடும். நெருப்பின்போதோ நீராவியும் சேரும். ஆகவே பத்திரங்களையும் புகைப்படங்களையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து காற்றாட விடுவது நலம்.

இக்காலத்தில் குடும்பப் புகைப்படங்களைப் பென்டிரைவிலும் ஹார்டுடிஸ்கிலும் வைக்கிறோம். இவை காகிதத்தைவிட மென்மையானவை. இத்தகையவற்றுக்கென உள்ள தரத்தில், பெட்டிக்குள் வெப்பம் 52 டிகிரியைத் தாண்டலாகாது. காகிதத்துக்கான பெட்டி இவற்றைக் காக்காது. மற்றொரு பிரதி எடுத்து, வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதே எளிய வழி.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். மதிப்பெண் சான்றிதழுக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். ஞானஸ்நானச் சான்றிதழுக்குப் பங்குக் கோயிலின் பதிவேடு இருக்கிறது. 2015 முதல் இயங்கும் 'டிஜிலாக்கர்' என்னும் அரசின் மின்னணுப் பெட்டகத்தில் பல சான்றிதழ்களைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் எந்த எண், எந்த ஆண்டு, எந்த அலுவலகம் என்பது தெரிந்தால்தான் நகல் பெறுவது எளிது. ஆகவே எல்லா ஆவணங்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, நகைகளைப் படமெடுத்து, ரசீதுகளின் நகலோடு வேறிடத்தில் வைக்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முதலில் தேவைப்படுவது அந்தத் தாளே. இதை எழுதும் வேலையை வீட்டில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம்.

இடமும் சாவியும்

பெட்டகத்தைச் சமையலறைக்கு அருகில் வைக்கலாகாது. தரைத்தளத்தில், காங்கிரீட் தரையில், வருவோர் போவோர் கண்ணில் படாத மூலையில் வைப்பது நன்று. தரையை ஒட்டி வைக்காமல் சிறு மேடை கட்டி, அதன்மேல் போல்ட்டுப் போட்டால் இன்னும் நல்லது. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் நீரில் ஊறிப் போயின. மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. நெருப்பைத் தடுக்கும் பெட்டி எல்லாமே நீரைத் தடுப்பதில்லை. தீயை அணைக்கப் பாய்ச்சுவதும் நீர்தான் என்பதை மறக்கலாகாது.

எவ்வளவு நல்ல பெட்டகமாயினும் சாவி கள்வன் கையில் கிடைத்துவிட்டால் அது வெறும் பெட்டியே. பீரோவின் மேல், மெத்தையின் அடியில், அரிசி டின்னுக்குள், சுவர்க் கடிகாரத்தின் பின்புறம் ஆகிய இடங்களை நம்மைவிடக் கள்வன் நன்கறிவான். எண் பூட்டு வைத்திருப்போர், கடையில் கொடுத்த எண்ணை உடனே மாற்ற வேண்டும். பிறந்த நாளையோ வீட்டு எண்ணையோ வைக்கலாகாது. மின்னணுப் பூட்டுக்கு மின்கலத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது. முன்னே சொன்ன மண்பானையின் குறையையும் இங்கே நினைவு கொள்வோம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த எண், அவரோடு போய்விடும். நம்பிக்கைக்குரிய மற்றொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் ஐயாவுக்கு மட்டுமே தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. இவ்வழக்கம் மாற வேண்டும்.

பெட்டகம் இருப்பதைப் பிறர் அறியாமலிருப்பதும் ஒரு பூட்டே. மாணவியர் தோழிகளிடம் பெருமைக்காக வீட்டு நகைகளைப் பற்றிப் பேசுதல் கூடாது. திருமண வீட்டுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் செய்தியையும், அணிந்த நகைகளின் படங்களையும் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்புவதும் வேண்டாத செயல்.

வங்கி லாக்கர்

அன்றாடம் அணியாத நகைகளுக்கு வங்கி லாக்கர் ஏற்றது. எனினும் அதைப் பற்றியும் சரியாக அறிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவால் தீ, திருட்டு, கட்டடம் இடிதல் முதலியன நேர்ந்தாலோ, வங்கி ஊழியரே மோசடி செய்தாலோ, லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி ஈடுகட்ட வேண்டும். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் ஈடு 2 லட்சம். உள்ளே அதைவிட அதிக மதிப்புள்ள நகை இருந்தால் மீதிக்கு நாம்தான் காப்பீடு செய்துகொள்ள வேண்டும். நிலநடுக்கம், வெள்ளம், இடி போன்ற இயற்கைச் சீற்றங்களால் நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல், சிலவற்றை வீட்டிலும் சிலவற்றை வங்கியிலுமாகப் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

உயிரா, பொருளா?

தீப்பிடித்த வீட்டிலிருந்து பத்திரமாக வெளியேறியவர்கள், நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் மீண்டும் உள்ளே ஓடுவதுண்டு. அப்படி ஓடுவோருள் தாய்மார்களும் உண்டு. மகளின் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகையை விட மனம் வருவதில்லை. ஆனால் நெருப்பைவிடக் கொடியது புகை. சில மூச்சுகளிலேயே அது மயக்கத்தை உண்டாக்கிவிடும். உள்ளே போனவர் திரும்பி வராமற் போகலாம்.

நல்ல பெட்டகம் ஒரு குடும்பத்துக்குச் செய்யும் பேருதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொருளைக் காப்பது அதன் பாதி வேலை. யாரும் திரும்பி உள்ளே ஓட வேண்டிய தேவை இல்லாமல் செய்வதே அதன் மீதி வேலை. 'உள்ளே இருப்பது ஒரு மணி நேரம் தாங்கும். அம்மா, நீங்கள் வெளியே வாருங்கள்' என்று மகள் தாயின் கையைப் பிடித்து இழுக்கலாம். 101க்கோ 112க்கோ தொலைபேசியில் சொல்லிவிட்டு, எல்லாரும் வெளியே ஒன்றாய் நிற்கலாம். கள்வன் வந்த இரவிலும் அப்படியே. கத்தியோடு வந்தவனை எதிர்த்து நிற்பதைவிட, அவன் போன பின் 100க்குச் சொல்வது மேல்.

பெட்டகம் வாங்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை. ஆனால் வீட்டில் எது எங்கே இருக்கிறது, எதை இழந்தால் எங்கே கேட்கலாம், தீப்பிடித்தால் யார் யாரை அழைத்துக்கொண்டு வெளியேறுவது என்று ஒருநாள் மாலையில் எல்லாரும் கூடியமர்ந்து பேசிக்கொள்ள எந்தச் செலவும் இல்லை. இந்த ஆண்டு விடுமுறையில் மாணவியர் தத்தம் வீட்டில் இதைத் தொடங்கி வைப்பார்களாக.